ஆள் இல்லாத பின்களம்

முன்னால் போய் மறிக்கிற ஆட்டம் நல்ல ஆட்டம்தான்.
முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பந்து அவர்கள் கோல்கீப்பர் காலில் இருக்கும்போதே
எங்கள் மூன்று பேர் பாய்வார்கள்.
தபிதா வலப்பக்க வழியை அடைப்பாள்,
குல்சார் நேராகப் போவாள்,
அம்சவேணி மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி
அடுத்த பாஸ் எங்கே விழுமோ அங்கே நிற்பாள்.
யோசிக்க நேரம் தராதே. அவ்வளவுதான்.
நேரம் இல்லாதவள் பந்தை வெளியே அடிப்பாள்,
இல்லையென்றால் அம்சவேணிக்கே கொடுப்பாள்.

ஆம்பூர்க்காரிகளிடம் அப்படித்தான்
பதினோராவது நிமிடம் ஒன்று,
இருபத்தாறில் இன்னொன்று.
இரண்டும் அவர்கள் வாசலிலேயே பிடுங்கியது.
அதுவரை நான் பந்தைத் தொடவில்லை.
ஊறவைத்து மாட்டிய கிளவுஸ்
கையிலேயே காய்ந்துவிட்டது.

ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
மணிக்கு இத்தனை ஜோடி என்று பலகையில் எழுதிவிட்டு
சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார்.
நெருக்குவது என்றால் என்னவென்று
எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
மெர்லின்தான் அதைத் திருப்பிப் போட்டாள்:
"வாரம் ஆறு நாள் நம்மள நெருக்கறாங்க இல்ல,
ஞாயித்துக்கெழம நாம நெருக்குவோம்."
சிரித்தோம். அப்புறம் ஓடினோம்.

ஆனால் இது மே மாதம்.
இது வேலூர்.
மூன்றரை மணிக்கு மேட்ச் வைத்தவனை
சத்துவாச்சாரி மலைப்பாறையில் உட்காரவைக்க வேண்டும்,
செருப்பில்லாமல்.

எல்லாரும் ஏறும்போது நானும் ஏற வேண்டும்.
பெனால்டி பெட்டியைத் தாண்டி
புல் முடிந்து புழுதி தொடங்குகிற இடம்வரை.
முதுகுக்குப் பின்னால் கோலும் மைதானமும்
பூட்ட மறந்த வீடு மாதிரி கிடக்கும்.

எங்கள் ஊரைக் கேலி செய்ய ஒரு பட்டியல் உண்டு.
ராஜா இல்லாத கோட்டை,
தண்ணீர் இல்லாத ஆறு,
மரம் இல்லாத மலை.
(பெண்களைப் பற்றியும் ஒன்று சொல்வார்கள்.
சொன்னவன் இந்த மைதானத்துக்கு ஒருநாள் வரட்டும்.)
கடைசியில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்:
ஆள் இல்லாத பின்களம்.

அறுபத்தேழாவது நிமிடம்
குல்சார் ஓடினாள்.
தபிதா ஓடினாள்.
அம்சவேணி ஓடவில்லை.

அவளைக் குறை சொல்ல மாட்டேன்.
ஏற்றுமதி அவசரம் என்று முந்தின இரவு
பன்னிரண்டு மணிவரை பசை டப்பாவோடு இருந்தாள்.
இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி
தரையில் எதையோ தேடுகிறவள் போல நின்றாள்.
ஒருத்தி நின்றால் போதும்,
மற்றவர்கள் ஓடுவது வெறும் ஓட்டம்.
வேலியில் ஒரு முள் விலகினால்
ஆட்டுக்கு அதுதான் வாசல்.

ஆம்பூர் ஆறாம் நம்பர்,
அதுவரை குனிந்த தலையோடே ஆடியவள்,
முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தாள்.
ஒரு விநாடி இருக்கும், ஒன்றரை இருக்கும்.
நாங்கள் ஒரு மணி நேரமாக
அவளுக்குக் கடன்கூடத் தராத பொருள்.

பந்து வந்தது,
ஊருக்குள் நுழையாமல் பைபாஸில் போகிற
பெங்களூர் பஸ் மாதிரி,
எங்களில் யாரையும் பொருட்படுத்தாமல்.

முன்னால் ஓடுவதா பின்னால் ஓடுவதா
என்று கேட்க நேரமில்லை.
முன்னால்தான் ஓடினேன்.
அவர்கள் ஃபஸீஹாவும் ஓடிவந்தாள்.
நான்தான் முதலில் சேர்ந்தேன், நம்புங்கள்,
நான்தான் உதைத்தேன்.
அது அவள் கெண்டைக்காலில் பட்டு
என்னைத் தாண்டி உருண்டது.
வேகமாகக்கூட இல்லை.
சோம்பேறித்தனமாக, வழி விசாரித்துக்கொண்டு போவது போல.
துரத்தினேன். பாதி வழியில் தெரிந்துவிட்டது,
இருந்தும் துரத்தினேன்.

இரண்டுக்கு ஒன்று.

வலைக்குள் குனிந்து எடுக்கும்போது
மெர்லின் குரல் கேட்டது:
"ஏறு! மேல ஏறு!
இன்னா அங்கயே பாத்துக்கினு கீற!"
இன்னும் இருபத்து மூன்று நிமிடம்.
கோட்டுக்குள் இறங்கி நின்றுகொள்ளலாம்,
யாரும் தவறென்று சொல்லமாட்டார்கள்.
தூரத்தில் அம்சவேணி ஒரு கையைத் தூக்கினாள்.
மன்னிப்பா, தண்ணீரா, தெரியவில்லை.
குல்சார் அதற்குள் அவர்கள் பெட்டி ஓரம்
போய் நின்றுவிட்டாள்.

புழுதி தொடங்குகிற இடம்வரை நடந்தேன்.
வலை இன்னும் ஆடிக்கொண்டிருக்குமோ என்று
ஒரு தரம் திரும்பலாமென்று தோன்றியது.
திரும்பவில்லை.